சாயப்பட்டறை வாசற்படி

சென்னியப்பனுக்கு வயது நாற்பத்தொன்று. அவருடைய குருவுக்கு முப்பத்திரண்டு. குருவின் பெயர் பூங்கொடி. பல்கலைக்கழகத்தில் வணிகத் தகவல் அமைப்பு சொல்லித்தரும் பேராசிரியை. இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை அண்ணா என்பார். இதில் யாருக்கும் குறைச்சல் இல்லை.

பதினேழு வருடம் பார்த்த கூரியர் ஆபீஸ் வேலையை உதறிவிட்டுப் படிக்க வந்தவர் சென்னியப்பன். வீட்டில் மனைவி தினமும் கேட்கிற கேள்வியை ஒரு வியாழக்கிழமை அவர் குருவிடம் கேட்டார்.

"இந்தப் படிப்புக்கு என்ன வேலைங்க மேடம்? புரோகிராம் எழுத சின்னப் பசங்க வரிசைகட்டி நிக்கறாங்க. மேனேஜர்னா பெரிய காலேஜுக்காரங்களத்தான் தேடறாங்க. நடுவால என்னைய எவன் கூப்புடுவான்?"

"உங்க புராஜெக்ட் எப்படிப் போகுது?"

சென்னியப்பனுக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு சாயப்பட்டறைக்கு, வருகிற நூல்கட்டுகளைப் பதிந்துவைக்க ஒரு மென்பொருள் செய்து கொடுத்திருந்தார். ஒன்பது நாளாகப் பட்டறைத் தொழிலாளிகள் ஒருத்தரும் ஒரு வரி பதியவில்லை. சனிக்கிழமை கம்ப்யூட்டரைக் கழற்றிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். கழற்றினால் சான்றுக் கடிதம் கிடையாது. கடிதம் இல்லாவிட்டால் பட்டமும் கிடையாது.

"அவங்க மண்டையில ஏறாதுங்க மேடம். மூணு நாள் கிளாஸ் எடுத்தேன். புஸ்தகம் அடிச்சுக் குடுத்தேன். செவிடன் காதுல ஊதுன சங்குதான்."

"வாங்க, போய்ப் பாத்துட்டு வரலாம்."

பட்டறையில் கம்ப்யூட்டரை முதலாளியின் அறையில் வைத்திருந்தார்கள். வெள்ளை டைல்ஸ், ஏசி, சுவரில் முருகன் படம். கம்ப்யூட்டர் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். பாதுகாப்பான இடம் என்று சென்னியப்பன்தான் அங்கே வைக்கச் சொன்னார்.

பூங்கொடி அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே போகவில்லை. வெறுங்காலோடு நூல் அலசுகிற தொட்டிப் பக்கம் நடந்தார். அங்கே கணுக்கால் வரை நீலத் தண்ணீர். சென்னியப்பனும் செருப்பை விட்டுவிட்டுப் பின்னாலேயே போனார். வேறு வழி?

தொட்டியைச் சுற்றிவந்து வாசலுக்குத் திரும்பியதும் பூங்கொடி சொன்னார்:

"அண்ணா, உள்ள போயி இன்னிக்கு வந்த கட்டுகளப் பதிஞ்சுட்டு வாங்க."

சென்னியப்பன் ஒரு காலைப் படியில் வைத்தார். மறு காலைத் தூக்கவில்லை. பாதம் நீலம். எதிரே வெள்ளைத் தரை, அதற்கு மேலே முருகன்.

நூல் அலசுகிற மாராத்தா சிரித்துவிட்டாள். "நாங்களும் அப்பிடித்தானுங் வந்து வந்து நிக்கறோம்!"

அவருக்கு வெட்கமாகிவிட்டது. மூன்று நாள் பாடம் எடுத்தவர் அன்றைக்குத்தான் முதல் கேள்வி கேட்டார்.

"வந்த கட்டுகள இப்ப எங்க குறிக்கறீங்கக்கா?"

"அந்தா, தூணுலீங். சாக்பீஸு கட்டித் தொங்குது பாருங்."

சத்தம் கேட்டு முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "ஏனுங், கழட்டிரலாங்களா?"

"திங்கக்கிழமை வரைக்கும் இருக்கட்டுங்" என்றார் சென்னியப்பன். "பழைய போன் ஒண்ணு இருக்குது. பிளாஸ்டிக் கவருல போட்டு தூணுல மாட்டறேன். அவங்க அங்கயே தட்டுனா உங்களுக்கு இங்க கம்ப்யூட்டர்ல தெரியும்."

முதலாளி தூணைப் பார்த்தார், நீலக் காலைப் பார்த்தார். "செரி, பாருங்."

பூங்கொடி பைப்படியில் காலைக் கழுவ ஆரம்பித்தார். எத்தனை தேய்த்தும் சாயம் போகவில்லை. சென்னியப்பன் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"மேடம், இந்தப் படிப்புக்கு என்ன வேலைன்னு கேட்டதுக்குப் பதில் சொல்லலீங்களே?"

"இப்ப எங்க நிக்கறீங்க அண்ணா?"

"வாசப்படியிலீங்க."

"அங்கயே நில்லுங்க, உள்ளயும் தெரியும், வெளியவும் தெரியும். அதுக்குத்தான் சம்பளம்."