தங்கூசி முடிச்சு

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் எஸ்தர் கார் பாலிஷ் கடை வைத்திருந்தார். அவரிடம் தொழில் கற்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அருளப்பன். ஐம்பது வயது வரை முடிச்சுப் போட்டு மீன் வலை பின்னிவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காமல் போன பிறகு இங்கே வந்தவர். மற்றவன் சுடலைமணி. எஸ்தருக்கு முப்பத்தைந்துகூட நிறையவில்லை. ஆனாலும் இருவருக்கும் அவர்தான் மாஸ்டர்.

ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு மைக்ரோஃபைபர் துணிகள். மஞ்சள் எல்லாம் வண்டியின் மேனிக்கு. நீலம் எல்லாம் சக்கரத்துக்கு. தன் துணியைத் தானே துவைத்து, தானே நிழலில் உலர்த்திக்கொள்ள வேண்டும்.

அருளப்பனுக்குச் சுடலைமணியின் மஞ்சள் துணிகள் மீது கண். எத்தனை வண்டி துடைத்தாலும் அவை புதிது போலவே இருந்தன. தன்னுடையவை மட்டும் எப்படிப் பழசாகின்றன? பையன் ராவோடு ராவாகத் தன் பழசை இவருடையதோடு மாற்றி வைக்கிறானோ? கேட்டால் சிரிப்பான். அந்தச் சிரிப்பும் அவருக்குப் பிடிக்கவில்லை.

அன்று காலை ஒரு கறுப்பு காரின் பானெட்டில் மெல்லிய கீறல்கள். வெயிலில் சிலந்தி வலை மாதிரி தெரிந்தன. முந்தின நாள் இருவரும் சேர்ந்து துடைத்த வண்டி. சாயங்காலம் உரிமையாளர் எடுக்க வருகிறார்.

எஸ்தர் விரல் நுனியால் தடவிப் பார்த்தார்.

"யார் துணி இதைச் செஞ்சுதோ, அவங்க இன்னிக்கே கிளம்ப வேண்டியதுதான்."

அருளப்பன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். இந்த வயதில் வேறு எங்கே போவது? ஆனால் உள்ளுக்குள் ஒரு தெம்பும் இருந்தது.

"மாஸ்டர், சக்கரம் துடைச்ச துணியால மேனியையும் துடைச்சா இப்படித்தான் ஆகும்" என்றார். சுடலைமணியின் பக்கம் திரும்பவில்லை.

"அண்ணாச்சி, என்னையா சொல்லுதிய?"

"நான் யாரையும் சொல்லல. கீறுனது யார் துணின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது, மாஸ்டர்?"

"சக்கரத்துத் தூள் நூல்ல ஏறிட்டா துவைச்சாலும் போகாது. துவைச்சுப் பாப்போம்" என்றார் எஸ்தர்.

இரண்டு பெரிய வாளிகளில் பச்சைத் தண்ணீர் பிடித்தார். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் எதுவும் சேர்க்கவில்லை. கொஞ்சம் சோப்புத் திரவம் மட்டும். சுடலைமணியின் மஞ்சள் துணிகளை ஒன்றிலும், அருளப்பனுடையதை மற்றதிலும் ஊற வைத்தார். முறுக்காமல் அமுக்கிப் பிழிந்தார். நுரை போகும் வரை அலசி, உதறிக் கொடியில் போட்டார். கடல் காற்று. மதியத்துக்குள் உலர்ந்துவிட்டன.

பிறகு கீறல் விழாத ஒரு பழைய பாட்டு சி.டி.யை எடுத்து, பளபளப்பான பக்கம் மேலே தெரிய மேசையில் வைத்தார்.

"காருக்கு வலிக்கிறது எல்லாம் இதுக்கும் வலிக்கும். தேய்ங்க."

முதலில் சுடலைமணியின் துணிகள். ஒவ்வொன்றாக அருளப்பனே தேய்த்தார். அழுத்தியே தேய்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சி.டி.யில் அவர் முகம்தான் தெரிந்தது.

"இவன் இன்னொரு ஜோடி ஒளிச்சு வச்சிருப்பான், மாஸ்டர்."

"ஆமா, வீட்ல பீரோவுல பூட்டி வச்சிருக்கேன்" என்றான் சுடலைமணி.

"உங்க துணியையும் தேய்ங்க அண்ணாச்சி" என்றார் எஸ்தர்.

முதல் துணியிலேயே சி.டி. சரக்கென்று கத்தியது. குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு.

எஸ்தர் துணியை வாங்கி ஓரத்தை விரலால் நிமிண்டினார். தையல் மடிப்புக்குள் கடுகளவு முடிச்சு. தூண்டிலுக்குப் போடும் தங்கூசி நரம்பு. வெட்டிய நுனி முள்ளாக வெளியே நீட்டியிருந்தது.

"நல்ல முடிச்சு. இழுத்தாலும் அவிழாது. யார் போட்டது?"

அருளப்பன் அந்த முடிச்சையே பார்த்தார்.

"அடையாளத்துக்கு மாஸ்டர். வண்ணான் குறி மாதிரி. மை போட்டா அலசுறதுல போயிடும்."

"எத்தனை துணியில?"

"எல்லாத்துலயும்."

"போட்டதுக்கு அப்புறம் ஏதாவது ஒண்ணு காணாமப் போச்சா?"

"இல்ல மாஸ்டர்." அவர் குரல் இறங்கியது. "எல்லாம் எங்கிட்டயே இருக்கு."

சுடலைமணி இந்த முறை சிரிக்கவில்லை. கொடிப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

அருளப்பன் தன் துணிகளை அடுக்கிப் பைக்குள் வைத்தார். செருப்பை மாட்டினார்.

"செருப்பை அப்புறம் மாட்டலாம். முதல்ல அந்தக் கீறலை எடுங்க. பாலிஷ் மிஷின் உள்ள இருக்கு" என்றார் எஸ்தர்.

"எந்தத் துணியால துடைப்பேன் மாஸ்டர்? என்னுது ஒண்ணும் ஆகாதே."

சுடலைமணி தன் மஞ்சள் துணிகளில் பாதியை எடுத்து வந்து நீட்டினான். "இந்தாங்க அண்ணாச்சி."

அருளப்பன் வாங்கிக்கொண்டார். மேலே இருந்த துணியை விரித்தார். விரல்கள் தாமாகவே ஓரத்து மடிப்புக்குப் போய், அதைப் பிரித்து நெருடின.

எஸ்தர் கேட்டார்:

"அங்க என்ன தேடுதிய, அண்ணாச்சி?"