கருகாத ரொட்டி

உத்தண்டராயர் என்று ஒரு ராஜா. வாய்க்கு ருசியாக எது கிடைத்தாலும் அவருக்குத் தலைகால் புரியாது. ஒரு நாள் வேட்டையில் வழி தவறி, சாலையோரம் தங்கியிருந்த மாட்டுவண்டிக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தார். சோளமாவைப் பிசைந்து தட்டி, தணலில் புதைத்துச் சுட்ட ரொட்டி ஒன்று கொடுத்தார்கள். ராஜா நாலு தின்றார். அரண்மனைக்கு வந்தும் அதே பேச்சு. கடைசியில் அந்த ரொட்டிக்கு அதே சாலையோரத்தில் சிலை வைக்கச் சொல்லிவிட்டார். கோயில் கோபுரம் பாதியில் நிற்கிற ஊரில் ரொட்டிக்குச் சிலை! என்ன செய்ய, ராஜா ஆயிற்றே.

மாயாண்டி ஆசாரி செதுக்கினார். யானை உயரம். வெள்ளைக் கல்லில் விரல் தடம், ஒட்டிய சாம்பல், ஓரத்துக் கருகலுக்குக் கருங்கல் பதிப்பு. அச்சு அசல் தணல் ரொட்டி. வண்டிக்காரர்கள் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மந்திரி அம்பலவாணருக்கு ஆசாரி மேல் என்ன காய்ச்சலோ, திறப்பு நாளன்று ராஜாவின் காதில் ஓதினார். கருகிப்போன ரொட்டிக்கா சிலை, ராஜா தின்றது கருகலைத்தான் என்று ஊர் சிரிக்காதா என்றார். ராஜாவுக்குச் சுருக்கென்றது.

"நாளை விளக்கு வைப்பதற்குள் கருகாத தணல் ரொட்டி கல்லில் வேண்டும். இல்லையென்றால் ஆசாரியின் கட்டைவிரலை எடுத்துவிடுங்கள்."

ஆசாரிக்குப் பாதி உயிர் போய்விட்டது. கட்டைவிரல் இல்லாமல் உளியை எப்படிப் பிடிப்பது? கூட நின்ற சீராளனுக்கு இது பொறுக்கவில்லை. ராஜாவுக்கு யோசனை சொல்வது அவன் வேலை, கேட்காவிட்டாலும் சொல்வான். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"மன்னா, ஆசாரி கண்ணால் பார்த்ததைத்தான் செதுக்குவார். கருகாத தணல் ரொட்டியை அவர் பார்த்ததில்லை. மந்திரியார் ஒன்று சுட்டுக் காட்டட்டும்."

நியாயம்தான் என்றார் ராஜா. இதென்ன பிரமாதம் என்று மந்திரி மறுநாள் காலையிலேயே சிலைக்குப் பக்கத்தில் தணல் மூட்டி உட்கார்ந்தார். புதைத்தால் கருகிவிடும் என்று ரொட்டியை எட்டத்தில், கம்பிமேல் வைத்தார். வெயிலும் அனலுமாகப் பொழுது சாயும்வரை அது அங்கேயே காய்ந்தது. வண்டிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள். எடுத்துப் பார்த்தால் ரொட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. பொட்டுக் கறுப்பில்லை.

மந்திரி பெருமையாக நீட்டினார். ராஜா ஆசையாகக் கடித்தார். 'டக்'கென்று சத்தம். இன்னொரு தடவை கடித்துப் பார்த்துவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரொட்டியில் பல் தடம்கூட விழவில்லை.

"என்னய்யா இது?" என்றார்.

சீராளன் ஆசாரியின் உளியை வாங்கி ரொட்டியில் ஒரு தட்டு தட்டினான். கணீரென்றது.

"தாங்கள் கேட்டதுதான் மன்னா. கருகாத ரொட்டி, கல்லில். மந்திரியாரே செய்து முடித்துவிட்டார். ஆசாரி வீட்டுக்குப் போகலாமா?"

ராஜா சிரித்தார். பல் வலித்ததால் ஒரு பக்கமாகத்தான் சிரிக்க முடிந்தது. சிலை அப்படியே நிற்கட்டும் என்றார். ஆசாரிக்குப் பட்டு, சீராளனுக்கு ஒரு ஜோடிக் காளை. மந்திரியையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அந்த ரொட்டியை அங்கேயே உட்கார்ந்து தின்று முடித்துவிட்டு வரச் சொன்னார்.