நாச்சாயி ஏறிப்போன ஓடை

கேளுங்கள், பெரியோரே, பிள்ளைகளே. மலைகளுக்கு எல்லைக்கல் நடாத காலம் அது. ஒரு மலையின் உச்சியருகே மேலூர், அடிவாரத்தில் கீழூர், இரண்டையும் தொட்டுக்கொண்டு ஒரு சின்ன ஓடை.

நாச்சாயி மேலூரில் பிறந்து கீழூரில் வாழ்க்கைப்பட்டவள். ஏதோ ஒரு மேய்ச்சல் தகராறில் இரண்டு ஊரும் பேச்சை முறித்துக்கொண்டன. அங்கே போகக் கூடாது, இங்கே வரக் கூடாது என்று கட்டுப்பாடு. ஒன்பது வருஷமாக அவள் தன் அண்ணன் செங்கோடனின் முகத்தைப் பார்க்கவில்லை. தாய் செத்த செய்திகூட எட்டாம் நாள்தான் வந்து சேர்ந்தது.

தினமும் விடிந்ததும் ஓடையில் இறங்கி நிற்பாள். இந்தத் தண்ணீர் எங்கள் வீட்டைத் தாண்டித்தானே வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத்தான் குடத்தை நிரப்புவாள்.

ஒரு கோடையில் ஓடை மெலிந்தது. மறு கோடையில் அங்கங்கே தேங்கி நின்றது. மூன்றாம் கோடையில் வெறும் மணல்.

"மேலூர்க்காரன் மறித்துவிட்டான்!" கீழூர் ஆண்கள் கடப்பாரையும் அரிவாளும் எடுத்தார்கள்.

நாச்சாயி ஊர்த்தலைவர் முன்னால் போய் நின்றாள். "ஐயா, மேலே இருப்பது என் அண்ணன். நான் போய்ப் பார்த்து வருகிறேன். மறித்திருந்தால் என் வாயாலேயே சொல்கிறேன்."

"பொய் சொன்னால்?"

"என் குடும்பத்தையே ஊரைவிட்டுத் தள்ளிவையுங்கள்."

வறண்ட ஓடை வழியாகவே ஏறினாள். அதில் மூன்று கிளைகள் வந்து சேரும். முதல் கிளை காய்ந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மேலூரைத் தொட்டு வரும் மூன்றாவது கிளையில், நரைத்த ஒருவன் கொட்டாங்கச்சியால் மணலைத் தோண்டி ஊற்றுநீர் தேடிக்கொண்டிருந்தான்.

"அண்ணா!"

செங்கோடனுக்கு அடையாளம் தெரியவே சற்று நேரமானது. "அம்மணி, நீயா? கீழே ஆழக் கிணறு வெட்டி எங்கள் ஊற்றை இழுத்துக்கொண்டீர்களே!"

"ஐயோ அண்ணா, நாங்கள் உங்களைத்தான் சொல்கிறோம்!" அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இருவரும் உச்சிக்கு ஏறினார்கள். காலடியில் ஈரம் கசியும் சோலையாக இருந்த இடம் மொட்டைப்பாறையாகக் கிடந்தது. இந்தச் சரிவில் மேலூரார் வெட்டிய அடிமரங்கள். அந்தச் சரிவில், கீழூரார் மறைவாக வந்து மரத்தை எரித்துக் கரியாக்கப் போட்ட மூட்டங்கள். நாம் எடுக்காவிட்டால் அவர்கள் எடுத்துவிடுவார்கள் என்று இரண்டு ஊரும் எடுத்து முடித்திருந்தன.

நாச்சாயி கீழே வந்தாள். ஊர் கூடியிருந்தது. "யாரும் மறிக்கவில்லை. உச்சிச் சோலையை அவர்களும் அழித்தார்கள், நாமும் அழித்தோம்."

"யார் நாம்? பேரைச் சொல்!"

புருஷன் இரவுகளில் சுமந்து வந்த கரிமூட்டைகளை அவள் அறிவாள். "என் புருஷனும் ஒருவர்."

கூட்டம் அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குப் பின்னால் இன்னும் பத்துத் தலைகள் குனிந்தன. கடப்பாரைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

அன்று முதல் உச்சிக்குக் கோடரியும் போகவில்லை, ஆடும் போகவில்லை. மேலே செங்கோடனும் தன் ஊரில் அதையே சொல்லியிருந்தான்; இரண்டு ஊரும் சேர்ந்து காவல் காத்தன. ஆனாலும் ஏழு மழைக்காலம் போன பிறகுதான் கோடையிலும் ஓடை ஓடியது. அதைப் பார்க்கச் செங்கோடன் இல்லை.

இப்போது நாச்சாயி நினைத்த நாளில் மேலூருக்கு ஏறிப்போகிறாள். தடுப்பார் யாருமில்லை. வாசலில் நின்று, "அண்ணா" என்று கூப்பிட வாயெடுத்து, "அண்ணி" என்று கூப்பிடுகிறாள்.

அடுத்தவர் குற்றத்தோடு தன் வீட்டுக் குற்றத்தையும் சொல்லத் துணிகிற இடத்தில்தான் பொதுநீர் தங்கும். அந்தத் துணிவு தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருக்கு நஷ்டம்.