துடைத்தாலே ஏறும் பாயிண்ட்

திருப்பூர் பனியன் முதலாளி நாச்சிமுத்து வீட்டு ஹாலில், இரும்புக் குண்டை அடித்துப் பாயிண்ட் சேர்க்கும் பின்பால் மெஷின் ஒன்று நின்றது. “என் ஸ்கோரை ஒருத்தனாலும் தாண்ட முடியாது” என்று அன்றும் விருந்தாளிகளிடம் அளந்துகொண்டிருந்தார்.

“மெஷின்ல ஏதோ கோளாறுங்க, ஆளை வரச்சொல்லிப் பாருங்க” என்றாள் வீட்டு வேலை செய்யும் தெய்வாத்தாள்.

அவருக்குச் சுருக்கென்றது. “கோளாறா? என் ஸ்கோரைத் தாண்டிக் காட்டு. இல்லாட்டி நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

தெய்வாத்தாள் மெஷினைப் போட்டாள். குண்டைத் தொடவே இல்லை. பனியன் துணியால் பக்கப் பலகையை அழுத்தித் துடைத்தாள். மணி அடித்தது, பாயிண்ட் ஏறிக்கொண்டே போய் அவருடையதைத் தாண்டியது.

“உள்ளார ஒரு ஸ்விட்ச் லூசாயிருக்குதுங்க, ஆட்டுனாலே ஏறுதுங்க. ஆளை வரச்சொல்லட்டுங்களா, இல்ல தெனமும் நானே தொடச்சு உங்க ஸ்கோரை ஏத்தி வெக்கட்டுங்களா?”