பூவாயி எடுத்து வைத்த சட்டை

அந்தக் காலத்தில் பாம்பு பேசும், கீரி பேசும், புற்றுக் கட்டும் கறையான்கூட வாய் ஓயாமல் பேசும். பாம்புகளுக்கு அப்போது ஆளுக்கு இரண்டு சட்டை. அன்றாடம் தரையில் தேய்த்துத் திரிய ஒன்று, நல்ல நாள் பெரிய நாளுக்கு ஒன்று. நம்மைப் போல மாட்டிக்கொள்வதும் கழற்றுவதும்தான்.

ஆற்றங்கரைப் பனங்காட்டில் பூவாயி என்றொரு சாரைப்பாம்பு இருந்தாள். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பார்களே, இவள் அந்த ரகம் இல்லை. கேட்டுத்தான் குடிவந்தாள். கறையான்களும் ஒரே ஒரு பேச்சோடு இடம் கொடுத்தன.

"புத்துக்குள்ள அசையிறதெல்லாம் உன்னுது. ஒரு அமாவாசையிலிருந்து மறு அமாவாசை வரைக்கும் அசையாமக் கெடந்தா அது எங்களுது."

பூவாயியின் நல்ல சட்டை வரகு வைக்கோல் நிறம். ஓரமெல்லாம் கறுப்புக் கரை. அதை அவள் ஒருநாளும் உடம்பில் ஏற்றியதில்லை. அமாவாசைக்கு அமாவாசை எடுத்து உதறி, மடிப்பை மாற்றி, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வைப்பாள். அசைத்தாயிற்று அல்லவா, கறையான்கள் வாயைப் பொத்திக்கொண்டு போகவேண்டியதுதான். தன்னைப் பெரிய கெட்டிக்காரி என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மகள் கல்யாணத்துக்குப் போடலாம் என்றிருந்தாள். அன்றைக்கென்று தூறல். சேறு படுமே என்று பழசோடு போய் நின்றாள். புருஷன் கொம்பையன் கேட்டுக் கேட்டுப் பார்த்தான்.

"ஒரு தடவ போட்டுக் காட்டேன் புள்ள. நான் பாக்கறதுக்காவது."

"இருக்கட்டும். நல்ல நாள் வராமலா போயிடும்?"

ஒரு சித்திரை வெயிலில் பருந்து கொம்பையனைத் தூக்கிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு மடிப்பு மாற்றும்போதெல்லாம் அவன் கேட்டதுதான் காதில் விழும். ஆனாலும் போடமாட்டாள். வயது வேறு ஏறிவிட்டது. இந்த வயதில் மினுக்கிக்கொண்டு திரிந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?

பாம்புக்குச் சாகிற மட்டும் உடம்பு வளரும். தேய்ந்த சட்டை நெகிழுமா? பழைய சட்டை விறைத்து, அவளை இறுக்கத் தொடங்கியது. ஒரு மாதம் அது கண்மேலும் வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. பகலிலும் பாலுக்குள் இருந்து பார்ப்பது போல ஒரே மங்கல். சாரைக்கு விஷம் கிடையாது. ஓட்டம் ஒன்றுதான் துணை. இப்போது அதுவும் போயிற்று.

இதையெல்லாம் பனங்காட்டுக் கீரி பார்த்துக்கொண்டே இருந்தது. ஓர் ஓணானைத் துரத்திய பூவாயி பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றாள். அதைப் பார்த்ததும், இனி இவளைப் பிடித்துவிடலாம் என்று கீரிக்கு நிச்சயமாகிவிட்டது.

அமாவாசை வந்தது. பொழுது சாயும் நேரம். பூவாயி நல்ல சட்டையைத் தேடித் தடவிக்கொண்டிருந்தாள். எந்த மூலையில் வைத்தோம் என்பதே தெரியவில்லை. கறையான்களில் மூத்தவள் வந்து நின்றாள்.

"அக்கா, இந்தத் தடவ நீ அதத் தொடவேயில்ல. பொழுது விழுந்தா அது எங்களுது."

"கண்ணு தெரியலடி. செத்த பொறு, எடுத்துடறேன்."

"எடுத்து?"

"வேற மூலையில வைக்கத்தான்."

கறையான் சிரிக்கவில்லை. அதற்குள் வாசலில் மண் சரிந்தது.

"பெரியம்மா, உள்ளாற இருக்கியா?" என்றது கீரி. "நீயே வெளிய வந்தா ஒரு நொடியில முடிஞ்சுரும். எனக்கும் நகம் தேயாது."

புற்றின் உச்சியில் இன்னொரு துளை உண்டு. பூவாயி அதில் தலையை விட்டு உந்தினாள். விறைத்த சட்டை வயிற்றருகில் சுருண்டு, துளையில் சிக்கிக்கொண்டது. மேலே போக முடியவில்லை. எக்கி எக்கி எப்படியோ திரும்பவும் உள்ளேதான் விழுந்தாள். கீரி பிராண்டிய மண் அவள் வாலில் வந்து விழுந்தது.

"அக்கா, பழசக் கழட்டு," என்றாள் கறையான்.

"வெத்து உடம்போடயா?"

"புதுசு இருக்குல்ல."

"அது நல்ல நாளைக்கு..."

எந்த நல்ல நாளைக்கு? போட்டுக் காட்டு என்று கேட்டவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

"இன்னிக்கு விட்டா அதப் போட நீ இருக்கமாட்ட," என்றாள் கறையான். "நாங்கதான் திம்போம். எங்களுக்கொண்ணும் நட்டமில்ல."

பூவாயி மோவாயைப் புற்றுச் சுவரில் வைத்துத் தேய்த்தாள். எரிந்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். உதட்டோரம் பழைய சட்டை பிளந்தது. உட்புறம் வெளிப்புறமாகத் திரும்பிக்கொண்டே அது வால்வரை உரிந்து வந்தது. அவள் வெற்றுடம்பாகக் கிடந்தாள். கீரியின் மூச்சுச் சூடு அறைக்குள்ளேயே வந்துவிட்டது.

அப்போது அவள் மூக்கில் ஏதோ வழவழப்பாக இடித்தது. கறையான்கள் வரிசை கட்டி நல்ல சட்டையை இழுத்து வந்திருந்தன.

"தலைய விடு அக்கா."

"பொழுது விழுந்தா இது உங்க பங்காச்சேடி?"

"பழசப் போட்டுட்டுப் போ. எங்களுக்கு அது போதும்."

தலையை விட்டாள். தேயாத சட்டை, உடம்புக்குத் தக்கபடி நெகிழ்ந்து வழுக்கிக்கொண்டு ஏறியது. பார்வை பளிச்சென்று திரும்பியது. சுவர் இடிந்து கீரி உள்ளே பாய்வதும் தெரிந்தது. அது பாய்ந்த வேகத்தில் பழைய சட்டையைக் கவ்வி உதறியது. வாய் நிறைய வறட்டுத் தோல். அதைத் துப்பிவிட்டு நிமிர்வதற்குள் பூவாயி உச்சித் துளையில் வழுக்கி வெளியேறினாள். கீரி பனங்காடு முழுக்கத் துரத்தியது. குமரியாக இருந்தபோது ஓடிய ஓட்டம் அவளுக்குத் திரும்பியிருந்தது. ஆற்றில் விழுந்து அக்கரை ஏறினாள். கீரி இக்கரையிலேயே நின்றுவிட்டது.

மூச்சு அடங்கியதும், மிச்சமிருந்த அந்தி வெளிச்சத்தில் தண்ணீரில் தன்னைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தாள்.

"பாருங்க," என்றாள், கொம்பையன் பக்கத்தில் இருப்பதுபோல. பதில் சொல்ல யாரும் இல்லை. உயிர் பிழைத்ததற்கு அழாதவள் அதற்கு அழுதாள்.

மறுநாளிலிருந்து கண்ணில் பட்ட இளசுகளிடமெல்லாம் அவளுக்கு ஒரே பேச்சு. "எங்கியும் எடுத்து வைக்காதீங்க. உடம்போடவே வச்சுக்குங்க."

அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான். பாம்பு இன்றும் புதுச் சட்டையைப் பழசுக்கு அடியிலேயே போட்டுக்கொண்டு திரிகிறது. கண்ணில் பால் படர்ந்தால் நாள் கிழமை பார்ப்பதில்லை, கல்லில் மோவாயைத் தேய்த்துவிடுகிறது. உரித்ததைத் திரும்பியும் பார்ப்பதில்லை, அது கறையான் பங்கு. வேலியோரம் முள்ளில் மாட்டிக் காற்றில் ஆடிக்கொண்டு கிடக்கிறதே பாம்புச் சட்டை, அது பழசு. நல்லதைப் பாம்பு போட்டுக்கொண்டு போய்விட்டது.