கொத்தனார் கட்டின ராக்கெட் மேடை

தூத்துக்குடிப் பக்கம் தவசிமுத்துன்னு ஒரு கொத்தனார் இருந்தாரு. அவரு எழுப்பின சுவரு ஒண்ணுகூட விரிசல் விட்டதில்ல. அவரு வாயும் ஒருநாளும் மூடினதில்ல. மேஸ்திரி மாதிரி பேசிக் காட்டுவாரு, இன்ஜினியர் மாதிரி தொப்பையத் தள்ளி நடந்து காட்டுவாரு, கலவை மிஷின் மாதிரி கடமுடா கடமுடான்னு சத்தம் குடுப்பாரு. சாரத்துல நிக்கிறவன் சிரிச்சே கீழ விழுந்துருவான்.

அந்த வாய் மூடிப் போச்சு. ஒரே பையன் இசக்கிதுரை, பன்னெண்டாப்பு படிச்சவன், பைபாஸ்ல பைக்ல போகும்போது லாரி அடிச்சு செத்துப் போனான்.

கேதம் விசாரிக்க, சொந்தத்துல பெரியப்பா ஒருத்தரு வந்தாரு. எதையும் மூக்கால இழுத்து இழுத்துத்தான் பேசுவாரு. "ஆம்ம்பளப் பிள்ளைய அடிச்சு வளக்கணும்ப்பா தவசீ... ந்நீயே வண்டி ஓட்டப் பழக்கி விட்டுட்டியேப்பா..." சொல்லிட்டு, காப்பிக்குச் சீனி பத்தலன்னு ஒரு குறையும் சொல்லிட்டு பஸ் ஏறிட்டாரு. ஆளு போயிட்டாரு. அந்தப் பேச்சு வீட்டுக்குள்ளேயே உக்காந்துக்கிடுச்சு.

பையன் பள்ளிக்கூடத்துல அட்டைக் குழாய் வச்சு ஒரு ராக்கெட் செஞ்சிருந்தான். முழங்கை நீளம் இருக்கும். விட்டுப் பாக்குறதுக்குள்ள அவன் போயிட்டான். அது பீரோ மேல நின்னுச்சு. சம்சாரம் பட்டுக்கனி தினமும் அதை எடுத்துத் துடைச்சுத் துடைச்சு வைப்பா. ஒருநாள் துணியக் கீழ போட்டுட்டா.

"இது துடைக்கிறதுக்குச் செஞ்சதா? மேல போறதுக்குச் செஞ்சது. கொண்டு போயி விட்டுட்டு வாங்க."

பையனுக்கு ராக்கெட் சொல்லிக் குடுத்தவங்க பிரிஸ்கில்லா டீச்சர். முப்பது வயசுகூட இருக்காது. ஞாயித்துக்கிழமையானா உப்பளத்துப் பக்கம் பொட்டல்ல பிள்ளைகளோட ராக்கெட் விடுவாங்க. தவசிமுத்துக்கு அவங்க மக வயசு. இருந்தாலும் மனுசன் செருப்பக் கழட்டிட்டுத்தான் முன்னால நின்னாரு.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"வளத்தது நான். வண்டி பழக்கினதும் நான். எங்கயோ நான் கோணலா வச்சதாலதானே அவன் போயிட்டான்?"

டீச்சர் அவரு கொண்டாந்த ராக்கெட்ட வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் கேட்டாங்க.

"ராக்கெட் விட ஒரு மேடை வேணும். இருக்கா?"

"இல்லியே."

"செஞ்சு கொண்டாங்க. செலவு ஆகக் கூடாது. ஒத்தக் கையில தூக்குற மாதிரி இருக்கணும்."

ஒரு கொத்தனாருகிட்டப் போயி மேடைன்னு சொன்னா என்ன நடக்கும்? அதான் நடந்துச்சு. பெயிண்ட் வாளி நிறைய கான்கிரீட்டு. நடுவுல கம்பி. அதுக்குச் சாக்கு சுத்தி, வாரம் பூரா தண்ணி ஊத்தி இறுக வச்சு, ஆட்டோவுல ஏத்திட்டு வந்தாரு. ஆட்டோ பின்னால குந்திக்கிட்டு வந்துச்சு.

"அண்ணாச்சி, எந்தப் பாலத்துக்குத் தூணு இது?"ன்னான் ஆட்டோக்காரன்.

டீச்சர் சிரிக்கல. "தூக்கிட்டு என்கூட வாங்க"ன்னாங்க. பொட்டல் அந்தக் கோடிக்குப் போனாங்க. அங்க போனதும், "காத்து மாறிடுச்சு அண்ணாச்சி, இந்தக் கோடிக்கு வாங்க"ன்னு திரும்பி நடந்தாங்க. தவசிமுத்து புஸ்ஸு புஸ்ஸுன்னு இரைச்சுக்கிட்டு வாளியத் தொப்புன்னு வச்சாரு.

"எதுக்கு இம்புட்டு கனம்?"

"ஆடக் கூடாதுல்ல டீச்சர். இந்தத் தடவ ஆடவே கூடாது."

டீச்சர் ஒத்தக் கையால வாளியத் தூக்கிப் பாத்தாங்க, அசையல. "ஒத்தக் கைக்கு அடங்குற மாதிரி செஞ்சு அடுத்த வாரம் கொண்டாங்க"ன்னாங்க.

அடுத்த வாரம் ஒரு குடைப் பையோட வந்தாரு. பிரிச்சாரு. வேலை நடக்குற வீட்டுல மிஞ்சின பிளாஸ்டிக் பைப்புல மூணு காலு. நடுவுல ஒரு மரக்கட்டை. கட்டையில ஓட்டை போட்டு, ராக்கெட்டு வழுக்கிக்கிட்டு நேரா ஏற, உப்புத்தாள் தேச்சு வழுவழுன்னு ஆக்கின மூணடிக் கம்பி. நெருப்பு பட்டுக் கட்டை கருகாம இருக்க, பிஸ்கட் டப்பா மூடி. டீச்சர் ஒத்தக் கையில தூக்கிப் பாத்துட்டுத் தலையாட்டினாங்க.

ராக்கெட்டு இடுப்புல ஒரு ஸ்ட்ராத் துண்டு ஒட்டியிருந்தான் பையன். அது வழியாக் கம்பியக் கோத்து நிறுத்தினாரு. அதோட விட்டாரா? காத்துல சாஞ்சுருமோன்னு, மடியில இருந்த கட்டுக்கம்பிய எடுத்து ராக்கெட்டையும் கம்பியையும் சேத்து வளைச்சு, குறடால முறுக்கோ முறுக்குன்னு முறுக்கிட்டாரு. கூரைக் கம்பி கட்டியே பழகின கை, சும்மா இருக்குமா? டீச்சர் ராக்கெட்டு அடியில மருந்துக் குழாயச் சொருகி, பத்த வைக்கிற பட்டனோட வயரை மாட்டினாங்க.

"அண்ணாச்சி, இப்போ பட்டன அமுக்கினா என்ன ஆகும்?"

தவசிமுத்து குனிஞ்சு பாத்தாரு. கட்டுக்கம்பியத் தொட்டுப் பாத்தாரு.

"இங்கேயே நின்னு எரிஞ்சு போகும்."

"அவுத்து விடுறீங்களா?"

அவுத்தாரு. அவுத்த கட்டுக்கம்பிய மடியிலேயே முடிஞ்சு வச்சுக்கிட்டாரு.

"காத்து இருக்கு. போனது திரும்பி வராமலும் போகலாம். வேண்டாம்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க"ன்னாங்க டீச்சர்.

"வீட்டுல அவ அதைத் துடைக்கிறத என்னால பாக்க முடியல டீச்சர்."

வயரை நீட்டிக்கிட்டுத் தள்ளி வந்து, அவரே பட்டன அமுக்கினாரு.

சொய்ங்ங்ங்!

நேரா ஏறிச்சு. அம்புட்டு நேரா. "ஏலேய்!"னு தன்னால வந்துருச்சு அவரு வாயில. பையனத் தெருவுல கூப்புடுற அதே குரலு. ராக்கெட்டு பனை உசரத்தத் தாண்டிச்சு, இன்னும் ஏறிச்சு, அங்க ஒரு கடல் காத்து வந்து பக்கவாட்டுல அடிச்சுச்சு. அவ்வளவுதான். தலை திரும்பி, கிறுகிறுன்னு சாஞ்சு, தூரத்துப் பாத்தியில உப்புத் தண்ணிக்குள்ள பொத்துன்னு விழுந்துச்சு.

முழங்கால் தண்ணியில ஓடினாரு. திரும்பி வரும்போது ரெண்டு கையிலயும் ஊறிப்போன அட்டைதான் இருந்துச்சு, காப்பியில முக்கின ரஸ்க் மாதிரி.

"பாத்தீங்களா டீச்சர்? மறுபடியும் கோணல். என் கை பட்டாலே கோணல்தான்."

"மேடையப் பாருங்க அண்ணாச்சி."

"இனிமே அதுல என்னத்தப் பாக்க?"

"நீங்க கொத்தனார்தானே. பாருங்க."

அட்டையக் கீழ வைக்க மனசில்லாம துண்டுல பொதிஞ்சு வச்சுட்டு, சுவரு நேரா நிக்கான்னு பாக்குற தூக்குக்குண்ட எடுத்தாரு. கம்பிக்குப் பக்கத்துல நூலத் தொங்க விட்டாரு. காத்துல குண்டு ஆடிச்சு. டீச்சர் வந்து காத்துக்கு மறைவா நின்னாங்க. குண்டு மெதுவா நின்னுச்சு. ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு இந்தப் பக்கம் பாத்தாரு. சுத்தி வந்து அந்தப் பக்கம் பாத்தாரு.

"எப்படி இருக்கு?"

"நேராத்தான் நிக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"மயிரிழைகூடப் பிசகல டீச்சர்." சொல்லிட்டு நூலச் சுத்தி மடியில வச்சாரு.

"ராக்கெட்டு எங்க வச்சுத் திரும்புச்சு?"

தவசிமுத்து கையத் தூக்கி வானத்துல காட்டினாரு.

டீச்சரும் அந்த விரல் போன பக்கமே அண்ணாந்து பாத்தாங்க.

"அவ்வளவு நீளத்துக்குக் கம்பி யாருகிட்டயும் கிடையாது, அண்ணாச்சி."