அசையாத அண்ணாச்சிகள்

மந்திக்குளத்துக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அவர்களிடம் இருக்கிற ஒரே கோளாறு அதுதான்.

தண்ணீர் மோட்டார் நிறைய விற்றுக் கொடுத்ததற்காக, கம்பெனி அந்த ஊர்க்காரர்கள் நாலு பேரைக் கொரியாவுக்கு அனுப்பியது. கூட்டம், விருந்து எல்லாம் போக, சியோல் நகரைப் பார்க்கக் கிடைத்தது ஒரே ஒரு நாள். "அது போதும், ஒரே நாள்ல ஊர் பூராவும் பார்க்கலைன்னா மீசையை எடுத்துருதேன்" என்று மச்சினனிடம் ஏற்கெனவே சவால் விட்டிருந்தார் இசக்கியப்பன். மீசையும் லேசுப்பட்டதல்ல, காலமெல்லாம் எண்ணெய் குடித்து வளர்ந்தது.

சுற்றிக்காட்டக் கம்பெனி கூடவே அனுப்பியவன் ஜெபராஜ். "சுரங்க ரயில்லயே எல்லாத்தையும் பார்த்துரலாம் அண்ணாச்சி. இது வட்டமா ஓடுற ரயில். யாராவது தொலைஞ்சா இருந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. நான் வந்து கூட்டிக்கிறேன்" என்றான். தொலைத்துவிடுவார்கள் என்று நாலு பேர் செல்போனையும் வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டான். கெட்டிக்காரன்.

முதலில் அரண்மனை. ரயில் நின்றதும் எல்லாரும் இறங்கினார்கள். இசக்கியப்பன் மட்டும் ஜன்னல் கண்ணாடியில் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். கதவு மூடிவிட்டது.

மற்ற மூவரையும் அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, அடுத்த ரயிலில் ஏறித் தேடப் போனான் ஜெபராஜ்.

இசக்கியப்பன் ரயிலுக்குள் மீசையைப் பொத்திக்கொண்டார். அரண்மனை போச்சு, மீசையும் போகப்போகிறது. ஆனாலும் சொன்னபடி சீட்டை விட்டு அசையவில்லை. ஜன்னலில் இருட்டுச் சுவர் ஓடியது. பெரிய ஆறு ஒன்று வந்தது. மறுபடி சுவர், மறுபடி ஓர் ஆறு.

ரயில் வட்டமடித்து அதே நிலையத்தில் நின்றது. கதவு திறந்தால், எதிரே மூவரும் நிற்கிறார்கள்.

"இறங்கும் வே" என்றார் பேச்சிமுத்து.

"இறங்கினா அசைஞ்ச மாதிரி ஆயிராதா?"

"அதுவும் சரிதான்."

கதவு மூடியது. அடுத்த சுற்றுக்குள் மூவரும் தீர யோசித்திருந்தார்கள்.

"நாங்க மூணு பேரு, நீரு ஒத்தை ஆளு. அப்ப தொலைஞ்சது நீருதான்" என்றார் ஐயம்பெருமாள்.

"நான் உக்கார்ந்த எடத்துலதான இருக்கேன்? எறங்கிப் போனது நீங்கல்லா?"

மூவரும் மறுபடி யோசிக்க ஆரம்பித்தார்கள். ரயில் கிளம்பியது. இன்னும் இரண்டு ஆறுகள் வந்தன. இத்தனை ஆற்றையும் இந்த ஒரே ஊருக்கா கொடுத்தான் ஆண்டவன் என்று இசக்கியப்பன் பெருமூச்சு விட்டார். ஆனால் மனசு கொஞ்சம் தெளிந்தது. இவ்வளவு ஆறு பார்த்தவனை மச்சினன் என்ன சொல்லிவிட முடியும்?

அடுத்த தடவை கதவு திறந்ததும் சுடலைக்கண்ணு தீர்ப்புச் சொன்னார். "தொலைஞ்சாத்தான அசையக் கூடாது? இவரைத்தான் கண்ணால பார்த்தாச்சே. ஏறுங்க வே."

மூவரும் ஏறினார்கள். நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்போது ஒவ்வொரு நிலையமாக இறங்கித் தேடிவிட்டு, படிக்கட்டில் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான் ஜெபராஜ். "அண்ணாச்சி, இறங்குங்க!"

இசக்கியப்பன் தங்கள் நாலு பேரையும் பார்த்தார். ஒற்றையாக நிற்கும் ஜெபராஜைப் பார்த்தார். பாவமாக இருந்தது.

"தம்பி, நீங்க தொலைஞ்சுட்டீங்க. பயப்படாம அங்கேயே நில்லுங்க. நாங்க ஒரு சுத்து போயிட்டு வந்து கூட்டிக்கிடுதோம்."

கதவு மூடியது. மறு சுற்றில் வந்து பார்த்தால் ஜெபராஜைக் காணோம்.

"படிச்சுப் படிச்சுச் சொன்னமே" என்று மீசையைத் தடவினார் இசக்கியப்பன். "சொன்ன பேச்சு கேக்கத் தெரியாத ஆளையெல்லாம் வெளிநாட்டுக்கு எதுக்குவே அனுப்புதாங்க?"